பேரரசுகள் ஏன் விழுகின்றன: எந்தப் பேரரசை எடுத்துப் படிக்கத் தொடங்கலாம்?

நாகரிகங்கள் எழுவது, போரிடுவது, அழிவது பற்றி ஒழுங்காகப் படிக்க வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தக் கேள்வியோடு வருபவர்களில் மூன்று வகையினரைப் பார்க்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரு வகை. பணி ஓய்வுக்குப் பிறகு கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ காலைப் பொழுதைச் செலவிடுபவர்கள் இன்னொரு வகை. அப்புறம், ஓ.எம்.ஆர். போக்குவரத்து நெரிசலில் காதில் வரலாற்று உரைகளைக் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டு, எதிலும் காலூன்ற முடியாமல் தவிக்கும் இளைஞர்கள்.

மூவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். உலக வரலாறு முழுவதையும் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்க முயலாதீர்கள். ஒரே ஒரு பேரரசை எடுங்கள். அது எப்படி எழுந்தது, யாரோடு மோதியது, எப்படிக் கரைந்தது என்று ஆறு மாதம் அதோடு மட்டும் இருங்கள். பிறகு எந்தப் பேரரசைப் படித்தாலும் என்ன கேள்வி கேட்பது என்று தெரிந்திருக்கும்.

எந்தப் பேரரசு என்பதுதான் சிக்கல். சென்னையில் இருக்கும் ஒரு வாசகருக்கு நடைமுறையில் கைக்கு எட்டக்கூடியவை என்று நான்கைப் பார்க்கிறேன்: சிந்துவெளி, ரோம், சோழர், விஜயநகரம். மாயா நகரங்களும், கி.மு. 1200ஐ ஒட்டி மத்தியத் தரைக்கடலின் கிழக்குக் கரையில் அடுத்தடுத்துச் சரிந்த அரசுகளும் மிகச் சுவையானவைதான். ஆனால் இங்கிருந்து அவற்றைப் படித்தால் எல்லாமே இரண்டாம் கை, மூன்றாம் கைச் செய்தியாகத்தான் வரும். முதல் தேர்வுக்கு அவை வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்வோம். கி.பி. 949இல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் சோழர் படையை ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் நொறுக்கினான். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று கிருஷ்ணன் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலேயே தன்னை அழைத்துக்கொண்டான். அன்றைக்கு யாரையாவது கேட்டிருந்தால் சோழர் கதை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்த 40 ஆண்டுகளுக்குள் ராஜராஜன் அரியணையில் இருந்தான். ரோமும் அப்படித்தான். கி.மு. 216இல் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ஒரே நாளில் பல்லாயிரம் வீரர்களை இழந்தது, 14 ஆண்டுகளில் அதே ஹன்னிபாலை ஜாமாவில் வென்றது. விஜயநகரமோ 1565இல் தலைக்கோட்டையில் தோற்றது, பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஒரு தோல்வி எப்போது வீழ்ச்சியாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு நான்கில் எது நன்றாகப் பதில் சொல்லும் என்பதே என் பார்வையில் தேர்வின் மையம்.

## எந்த அளவுகோல்களால் பார்ப்பது

முழுக்கதை கிடைக்கிறதா? எழுச்சி மட்டும் தெரிந்து முடிவு இருட்டாக இருந்தால் பாதிப் படிப்புதான்.

யார் சொன்ன கதை? வென்றவர், தோற்றவர், வேடிக்கை பார்த்த வெளியூர்க்காரர் என்று மூன்று குரல்கள் உண்டு. குறைந்தது இரண்டு குரல்களாவது கிடைக்க வேண்டும். ஐந்து அளவுகோல்களில் நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். ஒரே குரலை நம்பிப் படித்தால் வரலாறு புகழ்மாலையாகவோ ஒப்பாரியாகவோ போய்விடும்.

காரணங்களைச் சோதிக்க முடியுமா? 'வறட்சியால் அழிந்தது', 'துரோகத்தால் அழிந்தது' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைச் சரிபார்க்க எதிர்ச்சான்று வேண்டும்.

சென்னையிலிருந்து எட்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம், தொட்டுப் பார்க்கக்கூடிய கல், நூலகத்தில் எடுக்கக்கூடிய பதிப்பு இருக்கிறதா?

மறைந்திருக்கும் செலவு என்ன? பணம் அதில் சிறு பங்குதான். மொழி, நேரம், நமக்கே தெரியாமல் நம்மை இழுக்கும் மனச்சாய்வு ஆகியவையே பெரிய செலவுகள்.

## சிந்துவெளி: போர் இல்லாத முடிவு

சுமார் கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த நகரங்கள். மொகஞ்சதாரோ, ஹரப்பா, தோலாவிரா, ராகிகர்ஹி. தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1924இல் இந்த நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார்.

சென்னைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களின் அடிப்படைக் கருவி. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் இயங்குகிறது. 2025 ஜனவரியில் சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக முதல்வர் அறிவித்ததும் சென்னையில்தான்.

வீழ்ச்சி பற்றிய படிப்புக்கு இதன் சிறப்பு, பழைய விளக்கம் ஒன்று உடைந்த விதம்தான். மொகஞ்சதாரோவில் தெருக்களிலும் வீடுகளிலும் கிடந்த சில எலும்புக்கூடுகளை வைத்து, படையெடுப்பில் நகரம் அழிந்தது என்றார் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். பின்னால் வந்தவர்கள் அந்த எலும்புக்கூடுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். அவை ஒரே காலத்தவை இல்லை, ஒரே நாளில் நடந்த படுகொலையின் அடையாளமும் இல்லை என்று தெரிந்தது. இப்போது பேசப்படுவது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்தது, ஆறுகள் வற்றியது, மக்கள் கிழக்கே நகர்ந்து சிறு ஊர்களாகப் பிரிந்தது ஆகியவை. நகரம் போயிற்று, மக்கள் போகவில்லை.

மறைந்திருக்கும் செலவு பெரிது. எழுத்து படிக்கப்படாததால் ஒரு மன்னன் பெயர்கூட நமக்குத் தெரியாது. மன்னன் இருந்தானா என்பதே விவாதம். பானை ஓடு, கார்பன் காலக்கணிப்பு, குகைப் படிவம் என்று அறிவியல் கட்டுரைகளுக்குள் நுழைய வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த நாகரிகத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் இன்றைய அடையாளச் சண்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதிலிருந்து விலகி நின்று படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் தேர்வாக இதை நான் சொல்வது அறிவியல் பின்னணி உள்ளவர்களுக்கும், 'இன்னும் தெரியாது' என்ற பதிலோடு அமைதியாக வாழத் தெரிந்தவர்களுக்கும் மட்டுமே.

## ரோம்: ஒரே பேரரசு, இரண்டு முடிவுகள்

ரோமை விட அதிகம் எழுதப்பட்ட வீழ்ச்சி உலகில் இல்லை. ஒரு ஜெர்மானிய வரலாற்றாசிரியர், ரோம் விழுந்ததற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணங்களைத் திரட்டியபோது 210 தேறியது. அந்த எண்ணிக்கையே எச்சரிக்கையும்கூட.

ரோமைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம், அதற்குள்ளேயே ஒரு ஒப்பீடு இருப்பதுதான். மேற்குப் பாதி 476இல் கடைசிச் சிறுவயதுப் பேரரசன் பதவி நீக்கப்பட்டதோடு முடிந்தது. கிழக்குப் பாதி கான்ஸ்டான்டிநோபிளில் 1453 வரை நீடித்தது. சட்டம், மதம், நாணயம், படை அமைப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருந்தும் ஒன்று செத்தது, மற்றொன்று ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது. ஆகவே, 'மதம் மாறியதால் விழுந்தது', 'ஒழுக்கம் கெட்டதால் விழுந்தது' போன்ற விளக்கங்களை உடனே சோதிக்கலாம். அதே மதமும் அதே பழக்கங்களும் கிழக்கிலும் இருந்தனவே!

தோல்வி எப்படி வீழ்ச்சியாகிறது என்பதையும் படிப்படியாகப் பார்க்கலாம். 378இல் அட்ரியனோபிள் போரில் பேரரசன் வாலன்ஸ் கொல்லப்பட்டான். எதிர்த்துப் போரிட்ட கோத் என்னும் ஜெர்மானிய மக்களை எல்லைக்கு வெளியே தள்ள முடியவில்லை, உள்ளேயே குடியமர்த்த வேண்டியதாயிற்று. ஆனால் மேற்கின் முதுகெலும்பை முறித்தது வேறொரு இழப்பு. 439இல் வாண்டல்கள் என்னும் இன்னொரு ஜெர்மானிய மக்கள் கார்த்தேஜைப் பிடித்தார்கள். வட ஆப்பிரிக்காவின் தானியமும் வரியும் போயின. வரி போனதும் படைக்குச் சம்பளம் இல்லை, படை இல்லாததால் இன்னும் நிலம் போனது, நிலம் போனதால் இன்னும் வரி போனது. 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆப்பிரிக்காவை மீட்கப் பெரும் கடற்படை அனுப்பித் தோற்றன. அதன்பின் எட்டே ஆண்டு. கிழக்குக்கோ எகிப்தும் சிறிய ஆசியாவும் (இன்றைய துருக்கிப் பகுதி) பத்திரமாக இருந்தன.

தமிழருக்கு இதில் உரிமையோடு நுழைய ஒரு வாசல் உண்டு. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு (149) சொல்கிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோம் நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்புகிறார். தமிழகத்தில் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி, பொற்காசுகள் ஏராளம். 4, 5ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் மதுரை, கரூர்ப் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்த சிறு செப்புக்காசுகள். 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், விலகிப் போகக் கேட்ட பிணைப்பொருளில் 5,000 பவுண்டு தங்கத்தோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. ரோமின் கடைசி நூற்றாண்டிலும் நம் பக்கத்து மிளகு அங்கே செல்வமாக எண்ணப்பட்டிருக்கிறது.

செலவுகளைச் சொல்ல வேண்டும். தமிழில் ஆழமான நூல்கள் குறைவு, பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். களத்துக்குப் போக விமானச் சீட்டும் விசாவும் வேண்டும். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேடு இருக்கிறது, ஆனால் அது ரோமின் வணிகத்தைத்தான் காட்டும், வீழ்ச்சியைக் காட்டாது. எல்லாவற்றையும் விட மோசமான செலவு இன்னொன்று. ரோமிலிருந்து தொடங்குபவர்கள் பிறகு எந்த நாட்டைப் பார்த்தாலும் ரோமின் அச்சிலேயே வார்க்கத் தொடங்குகிறார்கள். நம் ஊர் வரலாற்றில் எல்லையில் நிற்கும் 'காட்டுமிராண்டிகள்' யார் என்று தேடுவார்கள். தலைக்கோட்டையில் மோதிய விஜயநகரத்தாரும் தக்காணச் சுல்தான்களும் ஒருவர் அரண்மனையில் மற்றவர் விருந்தாளியாக இருந்து, ஒருவரின் படையில் மற்றவர் வேலை பார்த்தவர்கள். அந்த அச்சு இங்கே பொருந்தாது.

## சோழர்: கல்லில் வெற்றி, கல்லுக்கு வெளியே முடிவு

சோழரைப் படிக்கச் சென்னை அளவுக்கு வசதியான நகரம் குறைவு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, 1905இல் கண்டெடுத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இருக்கின்றன. அந்தத் திருவாலங்காடு அரக்கோணம் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. தக்கோலத்துக்கும் ரயில் நிலையம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் கல்வெட்டைப் பார்த்துவிடலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகளை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்கிறது அந்த விதி. ஒரு பேரரசு எழுவதற்கு அடியில் என்ன மாதிரி நிர்வாகம் வேண்டியிருந்தது என்று அந்தச் சுவர் சொல்லும்.

எழுச்சியைப் படிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. தக்கோலத்தில் வீழ்ந்த பிறகு எழுந்ததும், 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கடற்படை அனுப்பியதும், முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்ததும் எல்லாம் கல்லிலும் செம்பிலும் இருக்கின்றன. நிலத்தை அளந்து வரி விதித்த கணக்கு கிடைப்பதால், பேரரசின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று ஊர் ஊராகப் பார்க்கலாம்.

வீழ்ச்சிக்கு வரும்போது இடறுகிறது. ராஜராஜன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி என்னும் வழக்கமே அதற்குக் காரணம். ஒவ்வொரு கல்வெட்டும் மன்னனின் வெற்றிகளை அடுக்கித்தான் தொடங்கும். தோல்வி அங்கே ஏறாது. அதனால் சோழரின் கடைசி 60 ஆண்டுகளைச் சோழர் கல்வெட்டுகளில் தேடினால் எல்லாம் நலமாக இருப்பது போலவே தெரியும். உண்மை மற்றவர் கல்வெட்டில் கிடைக்கிறது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்ததை அவன் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது.

கடலூருக்கு அருகில் திருவந்திபுரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீழ்ச்சி பற்றிப் படிக்கும் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்றாம் ராஜராஜனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். கோப்பெருஞ்சிங்கன் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவன் இல்லை, சோழரின் கீழ் வளர்ந்த குறுநில மரபைச் சேர்ந்தவன். செய்தி கேட்ட கன்னட நாட்டுப் போசள மன்னன் நரசிம்மன் தன் தளபதிகளை அனுப்புகிறான். அவர்கள் கோப்பெருஞ்சிங்கனின் ஊர்களை எரித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் அவன் சோழனை விடுவிக்கிறான். இவ்வளவும் அந்தக் கல்லில் வரிசையாக இருக்கிறது, ஆண்டு 1231ஐ ஒட்டியது. சோழ மன்னன் சிறைப்பட்டதை இப்படி வெளிப்படையாகக் கல்லில் ஏற்ற முடிந்ததற்குக் காரணம், அது மீட்டவர்களின் வீரத்தைச் சொல்வதற்காக வெட்டிய கல் என்பதுதான்.

மீட்க வந்த போசளர் திரும்பிப் போகவில்லை. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தலைநகரே அமைத்தார்கள். தக்கோலத்துக்குப் பிறகு சோழர் எழுந்ததற்கும் இப்போது எழாததற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் என்று நினைக்கிறேன். 949இல் அடித்தவன் தொலைவிலிருந்து வந்தவன். அவன் தளர்ந்தபோது காவிரிக் கரை சோழர் கையிலேயே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அடித்தவர்களும் காத்தவர்களும் காவிரியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் பெயர் மறைகிறது. எந்தப் போரில், எப்படி என்று சொல்லும் கல் இல்லை.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது, கல்வெட்டுத் தமிழும் கிரந்த எழுத்தும். பதிப்பித்த தொகுதிகள் இருந்தாலும் பழக மாதங்கள் ஆகும். இரண்டாவது, பெருமை. சோழர் நம்மவர். கடாரம் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, கங்கைகொண்டசோழபுரத்தின் அரண்மனை ஏன் மாளிகைமேடு என்ற மண்மேடாகக் கிடக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். அந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களை 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்து எடுத்தார்கள் என்பதும் வீழ்ச்சியின் கதைதான். எழுச்சியைப் படிக்க விரும்புபவர், கோயில் கோயிலாகச் சுற்றும் பழக்கம் உள்ளவர், கல்வெட்டு படிக்கக் கற்க ஆசை உள்ளவர் சோழரை எடுக்கலாம். வீழ்ச்சிதான் முதன்மை என்றால் கொஞ்சம் பொறுத்து வரலாம்.

## விஜயநகரம்: பலர் பார்த்து எழுதிய வீழ்ச்சி

1336இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தப் பேரரசு, நான் முன்வைத்த இரண்டாவது அளவுகோலில் மற்ற மூன்றையும் தாண்டி நிற்கிறது. 1443இல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வந்து எழுதினார். கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், நகரம் ரோம் அளவுக்குப் பெரிது என்றார். சில ஆண்டுகள் கழித்துக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதினார். தலைக்கோட்டைக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த வெனிசு நாட்டு வணிகர் சீசர் பெடரிசி, ஆளில்லாமல் நின்ற வீடுகளைப் பற்றி எழுதினார். வென்ற தரப்புக்குப் பெரிஷ்டா போன்ற பாரசீக வரலாற்றாசிரியர்கள் உண்டு. தோற்ற தரப்பின் தெலுங்கு, கன்னடச் சுவடிகளில் ஒரு பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய தொகுப்பில், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலேயே இருக்கிறது.

இவற்றில் நூனிஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். வணிகர் என்பதால் பணம் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறார். ராயர் ஆண்டுதோறும் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து 13,000 குதிரைகள் வாங்குவார் என்கிறார். அதற்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர், கடலில் செத்துப்போன குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் உயிர்க் குதிரைக்கான விலையையே கொடுத்தாராம். கடல் வழியாக வரும் குதிரை நின்றால் படை நின்றுவிடும் என்ற பயம் அந்த வாலில் தெரிகிறது. 200க்கு மேற்பட்ட நாயக்கர்கள் நிலத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இவ்வளவு பணம், இவ்வளவு படை என்று மையத்துக்குத் தர வேண்டியிருந்ததையும் அவரே விவரிக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1565க்கு வாருங்கள்.

அதிகாரம் அப்போது கிருஷ்ணதேவராயரின் மருமகன் அளிய ராமராயர் கையில். அரியணையில் சதாசிவராயர் பெயருக்கு மட்டும். ராமராயர் இளமையில் கோல்கொண்டாவில் பணி செய்தவர். கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப் ஷா, அரசனாகும் முன் ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில்தான் அடைக்கலமாக இருந்தார். பீஜப்பூரின் அலி அடில் ஷா விஜயநகர அரண்மனைக்கு விருந்தாளியாக வந்தவர். சுல்தான்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவி ராமராயர் 20 ஆண்டு வெற்றி கண்டார். கடைசியில் பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் நான்கும் அவருக்கு எதிராகச் சேர்ந்துகொண்டன. 1565 ஜனவரி 23. போர்க்களத்திலேயே ராமராயரின் தலை போயிற்று. அவர் தம்பி திருமலை, மன்னரையும் கருவூலத்தையும் எடுத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்கு ஓடினார். தலைநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது.

பள்ளிப் பாடம் இங்கே நின்றுவிடுகிறது. உண்மையில் படிப்பு இங்கேதான் தொடங்குகிறது. பேரரசு இன்னும் 80 ஆண்டு உயிரோடு இருந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரம் தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது, அதாவது நம்மை நோக்கி. இரண்டாம் வேங்கடவர் 1586 முதல் 1614 வரை ஓரளவு தூக்கி நிறுத்தினார். அவர் இறந்ததும் வாரிசுச் சண்டை. புதிய மன்னரின் குடும்பமே கொல்லப்பட்டது, ஒரு சிறுவன் மட்டும் தப்பினான். அவனுக்காகவும் அவனுக்கு எதிராகவும் தஞ்சை, மதுரை, செஞ்சி நாயக்கர்கள் கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் மோதினார்கள். மையத்துக்குப் பணமும் படையும் தர வேண்டியவர்களே மையம் யார் என்று தீர்மானிக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். தலைக்கோட்டையில் விழுந்த அடி தோப்பூரில்தான் வீழ்ச்சியாகப் பழுத்தது என்பது என் கருத்து.

அந்தச் சரிவின் கடைசிக் கட்டத்தில் பிறந்ததுதான் சென்னை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டைக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி, சந்திரகிரி ராயரின் கீழ் இருந்த நாயக்கர். அவர் தம்பி ஐயப்பர் பூந்தமல்லியில் இருந்து இந்தப் பகுதியைக் கவனித்தார். அவர்கள் தந்தை சென்னப்பர் பெயரில்தான் சென்னப்பட்டினம். 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அந்த உரிமையை மறுபடி உறுதிசெய்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இந்தப் பக்கத்தையெல்லாம் பிடித்துவிட்டார். வென்றவர்கள் நிலைத்தார்களா? அகமதுநகர் 1636இல் மறைந்தது, பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் 1686, 1687இல் ஔரங்கசீப் விழுங்கினார். கடைசி இரண்டையும் ஜார்ஜ் கோட்டையின் மதில் பார்த்துக்கொண்டிருந்தது.

செலவு இங்கேயும் உண்டு. தெலுங்கு, கன்னடம், பாரசீகம், போர்ச்சுகீசியம் என்று மூலங்கள் சிதறிக் கிடப்பதால் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டும். ஹம்பிக்கு ஒருமுறையாவது போக வேண்டும். ஒரு இரவு ரயிலும் இரண்டு நாள் தங்கலும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் சுற்றிவிட்டு வந்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். பெரிய ஆபத்து, தலைக்கோட்டையை இரு மதங்களின் போராக மட்டும் படித்துவிடுவது. வழிபாடு நின்றுவிடாத விருபாட்சர் கோயில் ஒரு பக்கம், எரிந்த தடங்களோடு நிற்கும் விட்டலர் கோயில் மறுபக்கம், இரண்டும் அதே ஊரில் இருக்கின்றன. மதவெறி மட்டும்தான் காரணம் என்றால் முதலாவதை விளக்க முடியாது, மதமே இல்லை என்றால் இரண்டாவதை விளக்குவது கடினம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிந்துவெளி | ரோம் | சோழர் | விஜயநகரம் |
|---|---|---|---|---|
| முழுக்கதை | முடிவு மங்கல் | முழுமை | எழுச்சி தெளிவு, முடிவு மங்கல் | முழுமை |
| எத்தனை குரல்கள் | எழுத்துச் சான்று இல்லை | பல | பெரும்பாலும் அரசர்களின் கல்வெட்டுகள் | வென்றவர், தோற்றவர், பயணி |
| காரணத்தைச் சோதிக்க | அறிவியல் வழியில் முடியும் | கிழக்கு, மேற்கு ஒப்பீடு | தக்கோலத்தோடு ஒப்பீடு | தலைக்கோட்டை முதல் தோப்பூர் வரை |
| சென்னையில் | தரமணி, எழும்பூர் | காசுகள், அரிக்கமேடு | எழும்பூர், தக்கோலம், உத்திரமேரூர் | கோட்டை, வேலூர், சந்திரகிரி, சுவடிகள் |
| மறைந்த செலவு | அடையாளச் சண்டை, ஆய்வுக் கட்டுரைகள் | ஆங்கிலம், தொலைவு | எழுத்துப் பயிற்சி, பெருமை | மொழிபெயர்ப்பு, மதக் கண்ணாடி |

## யாருக்கு எது

பெரும்பாலான சென்னை வாசகர்களுக்கு விஜயநகரம் என்பதே என் பரிந்துரை. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. வீழ்ச்சியை நாள்தோறும், பல பேர் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மற்ற மூன்றில் இந்த அளவுக்கு இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. பொருளாதாரம், வரி, நாணயம் இவற்றில் நாட்டம் உள்ளவர், ஆங்கிலத்தில் தடையில்லாமல் படிப்பவர் நேரே ரோமுக்குப் போகலாம். வீட்டில் பள்ளிக் குழந்தைகள் இருந்து, விடுமுறை தோறும் அவர்களை அழைத்துக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் சோழர்தான் சரி. குழந்தைகளுக்கு எழுச்சிக் கதை முதலில் வேண்டும், பயணச் செலவும் குறைவு. குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ரோம் தவிர மற்ற மூன்றும் பாடத்தில் உண்டு என்பதால் ஒன்றை ஆழமாக எடுத்து மற்ற இரண்டைக் குறிப்புகளாக வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் விஜயநகரமே பயன், ஏனென்றால் சுல்தானியம், போர்ச்சுகீசியர், முகலாயர், கம்பெனி எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

விஜயநகரத்தை எடுப்பவர்களுக்கு ஒரு வழிமுறை. 1336இல் தொடங்காதீர்கள். பேரரசை நிறுவிய ஹரிஹரர், புக்கர் எங்கிருந்து வந்தார்கள் என்ற விவாதத்திலேயே இரண்டு மாதம் போய்விடும். 1542ஐ ஒட்டி ராமராயர் அதிகாரத்தைப் பிடிப்பதில் தொடங்கி 1646 வரை முதலில் படியுங்கள். அந்த நூறு ஆண்டு கைக்கு வந்த பிறகு பின்னால் போய்ப் பயஸையும் நூனிஸையும் எடுங்கள். நாயக்கர் தர வேண்டிய பணம், ஹோர்முஸ் குதிரை என்று அவர்கள் எழுதிவைத்தவற்றில் எது பின்னாளில் அறுந்தது என்று வரிக்கு வரி குறித்துக்கொண்டே போகலாம். வேலூர்க் கோட்டைக்கு ஒரு நாள், சந்திரகிரிக்கு ஒரு நாள் இந்தக் கட்டத்திலேயே போய் வாருங்கள். ஹம்பியைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.